ஏஜென்ட் இல்லாமல் ஆஸ்திரேலியாவில் ஓராண்டு: 462 விசாவை நீங்களே எடுப்பது எப்படி

மலேசியாவில், சுங்கை சிப்புட் மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது வந்து இதைக் கேட்கிறார்கள்: "அக்கா, நீங்க ஆஸ்திரேலியாவுல இருந்தீங்களாமே, அந்த விசா எப்படி எடுத்தீங்க?" கேட்பது இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுப் பிள்ளை. பக்கத்தில் அம்மா நிற்பார். அம்மாவின் கேள்வி வேறு: "ஏஜென்ட்டுக்கு எவ்வளவும்மா கொடுத்தே?" ஏஜென்ட்டே இல்லை என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைப்பு.

மறைக்க ஒன்றுமில்லை. எல்லாரிடமும் கடை வாசலில் நின்று அரை அரையாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எது இந்த விசா, எது இல்லை

நான் எடுத்தது வேலை-விடுமுறை விசா. ஆஸ்திரேலியாவில் அதற்கு எண் 462. ஓராண்டு தங்கலாம், சுற்றலாம், செலவுக்கு வேலையும் செய்யலாம். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதம்தான் இருக்க முடியும். படிக்க ஆசையிருந்தால் நான்கு மாதம் வரை படிக்கலாம்.

இதே மாதிரி 417 என்று இன்னொன்று இருக்கிறது. அது பிரிட்டன், ஜப்பான், கொரியா, தைவான் போன்ற இடத்துப் பிள்ளைகளுக்கு. யூடியூபில் நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பாதிக்குமேல் 417 விதிகளைத்தான் சொல்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்து "படிப்புச் சான்றிதழே வேண்டாமாமே" என்று என்னிடம் வாதாடாதீர்கள். மலேசியக் கடப்பிதழுக்கு 462 மட்டும்தான். மலேசியர்களுக்கு ஆண்டுக்கு 1,100 இடம். ஜூலை முதல் தேதி புது ஆண்டுக் கணக்கு தொடங்கும். இடம் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்பதை ஆஸ்திரேலிய உள்துறை அமைச்சின் இணையத்தளத்தில் நாடு வாரியாகப் போட்டிருப்பார்கள்.

இனி ஏஜென்ட் விசயம். நம் ஊரில் "ஆஸ்திரேலியா பழத்தோட்டம், மாதம் பன்னிரண்டாயிரம் வெள்ளி" (மலேசிய ரிங்கிட்) என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இந்த விசாவைப் பற்றியதே அல்ல. என்னோடு இடைநிலைப்பள்ளியில் படித்த ஒருவன் 2017-இல் அப்படிப் போனான். ஏஜென்ட் வாங்கியது ஆறாயிரம் வெள்ளி. அவனுக்கு எடுத்துக் கொடுத்தது சுற்றுலா அனுமதி. மலேசியர் யாரும் கைப்பேசியிலேயே 20 ஆஸ்திரேலிய டாலருக்கு எடுக்கக்கூடியது அது. அதில் வேலை செய்யக் கூடாது. அங்கே போய் இறங்கியதும் இன்னொருவன் வந்து, காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இனிமே பயமில்லாம வேலை செய்" என்றானாம். சொந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து, பாதுகாப்பு கொடுங்கள் என்று கேட்கும் அகதி விண்ணப்பம் அது. சுங்கை சிப்புட்டில் இவன் உயிருக்கு என்ன ஆபத்து? அம்மா போடும் சாம்பாரைத் தவிர ஒன்றுமில்லை. தன் பெயரில் என்ன எழுதியிருந்தது என்பதே அவனுக்கு ஒன்றரை வருசம் கழித்துத்தான் தெரிந்தது. விண்ணப்பம் தள்ளுபடியானது. அதற்குப் பிறகும் அங்கேயே ஒளிந்திருந்து, கடைசியில் பிடிபட்டுத் திரும்பினான். அனுமதிக் காலம் முடிந்து 28 நாளுக்கு மேல் தங்கினால் மூன்று ஆண்டுக்குத் தற்காலிக விசா கிடைக்காமல் போகலாம். அவனுக்கு அப்படித்தான் ஆனது.

ஆகவே யாராவது "சும்மா டூரிஸ்ட்ல போங்க, அங்க பாத்துக்கலாம்" என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்குக் கிடைக்குமா

வயது 18 முதல் 30 வரை. 31-ஆவது பிறந்த நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். உங்களை நம்பியிருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. முதல் முறை விண்ணப்பிக்கும்போது ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் படிப்பு. மேற்கல்வித் தகுதி இருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டப்படிப்பில் குறைந்தது இரண்டு ஆண்டாவது முடித்திருக்க வேண்டும். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் போட முடியாது. அப்படிப்பட்டவர்களுக்காக நியூசிலாந்து பற்றிக் கீழே சொல்லியிருக்கிறேன்.

ஆங்கிலம் பற்றி வீணாகப் பயப்படுகிறார்கள். கேட்பது அடிப்படை ஆங்கிலம்தான். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் நான்கு பகுதிக்கும் சேர்த்துச் சராசரி 4.5 போதும். "மூவெட் ரிசல்ட் இருக்கு அக்கா, அதைப் போடலாமா?" என்று கேட்பார்கள். மூவெட் நம் பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வு, ஆஸ்திரேலியா ஏற்கும் தேர்வுப் பட்டியலில் அது இல்லை. ஆனால் முழுக்க ஆங்கிலத்தில் நடந்த படிப்பை இரண்டு ஆண்டாவது முழுநேரமாகப் படித்திருந்தால், பயிற்று மொழி ஆங்கிலம் என்று பல்கலைக்கழகத்திடம் ஒரு கடிதம் வாங்கிப் போடலாம். நான் கணக்கியல் படித்தவள், அந்தக் கடிதத்தைத்தான் போட்டேன். பரீட்சைக் கட்டணம் மிச்சம். அந்தக் காசில்தான் அங்கே போட்டுக்கொள்ள பூட்ஸ் வாங்கினேன்.

காகிதங்கள்

கடப்பிதழ் முதலில். சீக்கிரம் முடியப்போகும் கடப்பிதழில் விசா எடுக்காதீர்கள். ஈப்போவில் யூ.டி.சி. என்ற அரசுச் சேவை மையத்துக்குக் காலையிலேயே போனால் அன்றே கையில் கிடைக்கும், ஐந்து ஆண்டுக்கு 200 வெள்ளி. போகிற போக்கில் இன்னொன்றும் செய்துவிடுங்கள்: நம் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டு, வெளிநாடு போக உங்களுக்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரிப் பாக்கி, கடன் வழக்கு என்று சிலருக்குத் தெரியாமலே தடை விழுந்திருக்கும். விமான நிலையத்தில் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதியா இது?

என் கோப்பில் இருந்தவை: கடப்பிதழ், பிறப்புச் சான்று, பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பயிற்று மொழிக் கடிதம், மூன்று மாத வங்கிக் கணக்கு. இவற்றோடு புத்ராஜெயாவில் குடிநுழைவுத் துறையிடம் வாங்கிய ஆதரவுக் கடிதம். அந்தக் கடிதத்துக்காக விடியற்காலை ரயில் ஏறிப் போனேன், காத்திருந்தேன், சில கேள்விகள் கேட்டார்கள், "ஏன் போகணும்" என்றார்கள். "பார்க்கணும்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நீங்கள் போடும் ஆண்டில் மலேசியர்களிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்பதை அந்த 462 பக்கத்திலேயே படித்துவிட்டுக் கிளம்புங்கள். என் பேச்சை நம்பிப் புத்ராஜெயா போகாதீர்கள்.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். இம்மிஅக்கவுண்ட் என்று ஒரு கணக்கு திறக்க வேண்டும், காகிதங்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும், அட்டையில் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் இப்போது 600 டாலருக்கு மேல், பெரும்பாலும் ஜூலையில் ஏற்றுவார்கள். தள்ளுபடியானாலும் அந்தக் காசு திரும்பாது. அதனால் பெயரை ஐந்து தடவை சரிபாருங்கள். நமக்குத் தனித் தலைவலி இது. அடையாள அட்டையில் மகளுக்கு "அ/பெ", மகனுக்கு "அ/லெ" என்று போட்டு அப்பா பெயர் வரும், பட்டச் சான்றிதழில் ஒரு மாதிரி எழுத்து, பிறப்புச் சான்றில் வேறு மாதிரி. என் பிறப்புச் சான்றில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எழுதிக்கொடுத்தபடி அப்பா பெயரில் ஓர் எழுத்து குறையும். கடப்பிதழில் இருப்பதை அப்படியே விண்ணப்பத்தில் போட்டேன். வேறு பெயரால் அழைக்கப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். அங்கே பிறப்புச் சான்றின் எழுத்தையும் எழுதினேன். பிரச்சினை வரவில்லை.

அப்புறம் உடல் பரிசோதனை. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். நம் ஊர் டாக்டரிடம் எடுத்துக் கொண்டுபோனால் செல்லாது. அவர்கள் அங்கீகரித்த கிளினிக் பட்டியல் உண்டு, அங்கே மட்டும்தான். விண்ணப்பம் போட்டபின் வரும் எண்ணைக் காட்டினால் முடிவை நேராக அவர்களுக்கே அனுப்பிவிடுவார்கள்.

பணம்

கையிருப்பாக 5,000 ஆஸ்திரேலிய டாலர், அதற்குமேல் திரும்பி வர டிக்கெட்டுக்கான காசு. 2022-இல் நான் போட்டபோது ஐயாயிரம் டாலர் என்பது சுமார் பதினையாயிரம் வெள்ளி. இரண்டரை வருசம் சேர்த்தேன். ஈப்போவில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை, ராத்திரியில் இந்தக் கடையில் அப்பாவுக்கு உதவி. கடைசியில் மூவாயிரம் குறைந்தது. அம்மா சீட்டுக் கூட்டு போட்டிருந்தார், அதை எடுத்துக் கொடுத்தார்.

வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் வாங்கிக் கணக்கில் ஒரு வாரம் போட்டுக் காட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை ஊரில் உலவுகிறது. வேண்டாம். நேற்று வரை 200 வெள்ளி இருந்த கணக்கில் இன்று பதினையாயிரம் வந்தால் பார்ப்பவனுக்குத் தெரியாதா? அது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பணம் காட்டுவதற்கு மட்டும் அல்ல, உண்மையிலேயே தேவைப்படும். எனக்கு முதல் சம்பளம் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. வாடகை, முன்பணம், சாப்பாடு, பூட்ஸ், மழைக்கோட்டு என்று இரண்டாயிரம் டாலர் காற்றில் போனது. கையில் காசு இல்லாதவன்தான் வந்த முதல் காண்ட்ராக்டரிடமே சிக்குவான்.

மருத்துவக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள். சில நாட்டவருக்கு ஆஸ்திரேலிய அரசு மருத்துவத்தில் உடன்பாடு இருக்கிறது, மலேசியாவுக்கு இல்லை.

பெட்டி

இதை எழுதாவிட்டால் அம்மாமார் கோபித்துக்கொள்வார்கள். ஊறுகாய், மிளகாய்த்தூள், நெத்திலி, முருங்கை இலைப்பொடி என்று என் அம்மா எட்டுக் கிலோ கட்டினார். விமானத்தில் கொடுக்கும் அட்டையில் உணவுப்பொருள் இருக்கிறதா என்று கேட்பார்கள். "இருக்கிறது" என்று குறியுங்கள். குறித்துவிட்டால் பார்ப்பார்கள், ஆகாததை எடுத்துக் குப்பையில் போடுவார்கள், போகச் சொல்வார்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம், விசாவுக்கே ஆபத்து. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் பழத்தை மறந்து வைத்திருந்து பட்ட பாட்டைப் பார்த்தேன். என் பெட்டியில் விதை, இலை எல்லாம் போனது. மிளகாய்த்தூளும் மைலோவும் தப்பின.

சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்து வையுங்கள். அங்கேயும் நம்மைப்போல இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். தோட்டத்துக்கும் ஊருக்கும் இருபது முப்பது கிலோமீட்டர் இருக்கும், பஸ் கிடையாது. கார் ஓட்டத் தெரிந்தால் வேலை கிடைப்பது பாதி சுலபம்.

இன்னொன்று: ஒரு 555 நோட்டு. மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அதே சின்ன நோட்டுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இறங்கியதும்

கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, வரி எண். இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். வரி எண்ணை வரி அலுவலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். "எடுத்துத் தருகிறேன், நூறு டாலர்" என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள்.

வேலை-விடுமுறை விசாக்காரர்களுக்கு வரி முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு, 45,000 டாலர் வரைக்கும் அதே விகிதம். முதலாளி அதற்கென்று பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் 30 விழுக்காடு பிடிப்பார். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

"உன் பெயரில் ஒரு தொழில் எண் எடுத்துக்கொண்டு வா" என்று சொல்கிறவரிடம் கவனம். ஏ.பி.என். என்பார்கள். அதை எடுத்தால் காகிதத்தில் நீங்கள் கூலிக்காரர் இல்லை, தனித்தொழில் முதலாளி. குறைந்தபட்சச் சம்பளம், ஓய்வூதியப் பணம், காயம்பட்டால் இழப்பீடு எதற்கும் அவர் பொறுப்பில்லை என்று கையை விரிப்பார். பழம் பறிக்கிறவளுக்கு என்ன தனித்தொழில்?

வேலை தேட: ஆஸ்திரேலிய அரசே நடத்தும் ஹார்வெஸ்ட் டிரெயில் என்ற சேவையில் எந்த ஊரில் எந்த மாதம் என்ன அறுவடை என்று இருக்கும், இலவசம். பருவம் நமக்குத் தலைகீழ் என்பதை மறக்கக் கூடாது, டிசம்பரில் அங்கே கோடை. இரண்டாம் ஆண்டு விசா வேண்டுமென்றால் குறிப்பிட்ட வேலையைக் குறிப்பிட்ட வட்டாரத்தில் மூன்று மாதம், அதாவது 88 நாள், செய்திருக்க வேண்டும். தோட்டத்தின் அஞ்சல் எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். 417-க்கும் 462-க்கும் பட்டியல் வேறு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் தைவான் பெண் சொன்னதை நம்பி 88 நாளை வீணாக்கியவர்கள் உண்டு.

சம்பளம்

இதைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

எங்கள் பாட்டி லிந்தாங் போகும் பாதையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மத்தியானம் பாலை நிறுத்துக் கிராணி எழுதுவார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போடுவார். சம்பள நாளில் கிராணியின் கணக்கும் சுவரின் கணக்கும் ஒத்துவரவில்லை என்றால் மேற்பார்வை பார்க்கும் தண்டலிடம் போய் நிற்பார். "கெடைக்குதோ இல்லையோ, கேட்டுட்டு வந்துருவேன்" என்பார். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தை இடித்தபோது அந்தச் சுவரும் போய்விட்டது.

2023 ஜனவரியில் மெல்பர்னில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ரயிலில் ஷெப்பர்டன் போனேன். பேரிக்காய்ப் பருவம். வேலை கொடுத்தது தோட்டக்காரர் அல்ல, இடையில் நின்ற ஒரு காண்ட்ராக்டர். மணிக்கணக்கு இல்லை, தொட்டிக்கு இவ்வளவு என்று பேச்சு. தொட்டி என்றால் நம் வீட்டுக் குளியலறை அளவு மரப்பெட்டி. ஒரு தொட்டிக்கு 45 டாலர். "கெட்டிக்காரங்க ஆறு தொட்டி போடுவாங்க" என்றார். ஏணியில் ஏறி, வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு, ஒன்பது மணி நேரத்தில் நான் போட்டது இரண்டு. தொண்ணூறு டாலர். மணிக்குப் பத்து. ஊர்க் காசில் பெருக்கிப் பார்த்தால் முப்பது வெள்ளி, நல்ல சம்பளம்தானே என்று தோன்றும். அந்தப் பெருக்கல்தான் நம்மைக் கவிழ்ப்பது. வாடகையும் சோறும் ஊர்க் காசில் இல்லையே.

அப்போது சட்டம் என்ன சொன்னது தெரியுமா? 2022 ஏப்ரல் 28 முதல் பழத்தோட்டத்தில் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்தாலும், செய்த மணிக்கு உரிய குறைந்தபட்சச் சம்பளம் உறுதி. எவ்வளவு குறைவாகப் பறித்தாலும் அதற்குக் கீழே இறக்கக் கூடாது. நான் பறித்த நாளில் அந்தத் தொகை மணிக்கு 26 டாலர் 73 காசு: அடிப்படை 21.38, நிரந்தரமில்லாத வேலை என்பதால் மேலே 25 விழுக்காடு. 2025 ஜூலையில் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 ஆனது. அந்த 25 விழுக்காட்டையும் சேர்த்தால் 31 டாலருக்குப் பக்கம். தொட்டிக் கூலி எவ்வளவு, மணிக்கணக்குச் சம்பளம் எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுக்கவும் வேண்டும்.

இது எனக்கு முதல் நாளே தெரிந்திருக்கவில்லை. பதினொரு நாள் கழித்து, விடுதிச் சமையலறையில் ஓர் இத்தாலிக்காரி சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் என் 555 நோட்டில் எல்லாம் இருந்தது. தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், சாப்பாட்டு இடைவேளை, எத்தனையாவது வரிசை, எத்தனை தொட்டி, அன்றைக்கு மேற்பார்வை யார். கணக்குப் படித்தவள் என்பதால் எழுதினேனா, சுவரில் கோடு போட்டவரின் பேத்தி என்பதால் எழுதினேனா, தெரியவில்லை. மொத்தம் 94 மணி நேரம். வந்திருக்க வேண்டியது 2,512 டாலர். வந்தது 960.

சம்பளப் புகாரைக் கேட்க ஃபேர் வொர்க் என்று ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது, எண் 13 13 94. ஆங்கிலத்தில் வாதாட வாய் வரவில்லை என்றால் 131 450-ஐ அழைத்து "தமிழ்" என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இடையில் வைத்து இணைத்துவிடுவார்கள். நான் அப்படித்தான் பேசினேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் கோபத்தில் எனக்குத் தமிழ்தான் வரும். தொலைபேசியில் வந்த அம்மாளின் தமிழ் யாழ்ப்பாணத்துத் தமிழ், அவர் "ஓமோம், சொல்லுங்கோ" என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி முதலில் காண்ட்ராக்டருக்கே எழுத்தில் அனுப்பினேன், நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து இணைத்தேன். ஏழு வாரத்தில் 1,200 டாலர் வந்தது. மிச்சத்தை நான் துரத்தவில்லை. அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

சம்பளச் சீட்டு, சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் வர வேண்டும், அதுவும் சட்டம். வராவிட்டால் குறுஞ்செய்தியில் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள். கடப்பிதழை "பத்திரமா வச்சிருக்கேன், கொடு" என்று எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நம் முப்பாட்டன்மார் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறியவர்கள். திரும்பவும் அதே சோலியை விமானத்தில் போய்ச் செய்ய வேண்டாம்.

அடுத்துப் போன ஊர் டல்லி, குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடபகுதியில். கெர்ன்ஸிலிருந்து தெற்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வாழைத் தோட்டம். ஊர் நடுவே 7.9 மீட்டர் உயரத்துக்கு ஒரு தங்கநிற மழைப் பூட்ஸ் சிலை நிற்கிறது. 1950-இல் அங்கே பெய்த மழையின் அளவாம் அது. தைப்பிங் மழை ஒன்றுமே இல்லை. ஆண்கள் தோளில் குலை சுமந்தார்கள். பெண்கள் கொட்டகையில் சீப்பு வெட்டிக் கழுவிப் பெட்டியில் அடுக்கினோம். அங்கே மணிக்கணக்குச் சம்பளம், வெள்ளிக்கிழமை தவறாமல் சீட்டு, ஜூலை முதல் தேதி அரசு உயர்த்திய சம்பளம் கேட்காமலே ஏறியது. அந்த ஆறு மாதத்தைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. நல்ல முதலாளியைப் பற்றி எழுத எப்போதுமே கதை குறைவுதான். வாழையிலை மட்டும் வேண்டிய மட்டும் கிடைத்தது. தீபாவளிக்கு முந்தி கிளம்பிவிட்டேனே என்று இன்றும் கொஞ்சம் வருத்தம், அந்தக் கொட்டகையில் முப்பது பேருக்கு இலை போட்டிருக்கலாம்.

பட்டம் இல்லாதவர்களுக்கு

நியூசிலாந்துக்கு இதே மாதிரி ஒரு விசா மலேசியர்களுக்கு உண்டு. வயது 18 முதல் 30. ஆண்டுக்கு 1,150 இடம், தங்கும் காலம் ஆறு மாதம். பட்டச் சான்றிதழ் கேட்பதில்லை. விண்ணப்பம் திறக்கும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். முந்துகிறவருக்கு இடம் என்பதால், கணக்கை முதலிலேயே திறந்து, கடப்பிதழையும் அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். தீபாவளி ரயில் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலர் ஆனது. ஆப்பிள் என்றால் ஹாக்ஸ் பே பக்கம், பிப்ரவரி முதல் ஏப்ரல். கிவிப்பழம் என்றால் டெ புக்கே, மார்ச்சிலிருந்து. நான் போனதில்லை. என் கடையில் படிவம் நிரப்பிய இரண்டு பேர் போய் வந்தார்கள். ஒருவன் குளிரைப் பற்றி மட்டுமே பேசுகிறான்.

திரும்பும்போது

உங்கள் சம்பளத்துக்கு மேலே முதலாளி ஓய்வூதியப் பணம் கட்டுவார், இப்போது 12 விழுக்காடு. நம் ஊழியர் சேமநிதியான ஈ.பி.எஃப். மாதிரி, ஆனால் உங்கள் பங்கு பிடிக்கமாட்டார்கள். நாட்டை விட்டு வெளியேறி விசா முடிந்தபிறகு அதைத் திரும்பக் கேட்கலாம். கேட்டால் 65 விழுக்காடு வரி பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். ஆமாம், அறுபத்தைந்து. எனக்கும் நெஞ்சு எரிந்தது. இருந்தாலும் கேட்டு வாங்குங்கள், மூன்றில் ஒரு பங்காவது உங்கள் காசு.

அங்கே வரி ஆண்டு ஜூன் 30-இல் முடியும். வரிக் கணக்கைப் போட்டு முடிக்கும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள். திரும்ப வரும் காசை வேறு எங்கே போடுவார்கள்? கைப்பேசி எண்ணுக்கு வரும் இரகசிய எண் இல்லாமல் வங்கிக்குள் நுழைய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். நான் சிம்மைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு மாதம் அலைந்தேன்.

காகிதங்களை ஸ்கேன் செய்ய என் கடைக்கு வந்தால் அசலைக் கொண்டுவாருங்கள், ஜெராக்ஸைக் கொண்டுவந்து அதை ஸ்கேன் செய்யச் சொல்லாதீர்கள். வண்ணத்தில் எடுக்க வேண்டும், ஒவ்வொரு கோப்பும் 5 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். இம்மிஅக்கவுண்ட் கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள், நான் திரும்பிக்கொள்கிறேன். அந்த 555 நோட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. எப்படி எழுதுவது என்று பார்க்க வேண்டுமானால் கேளுங்கள், இரவல் மட்டும் தரமாட்டேன். புதன்கிழமை கடை இல்லை.